மரப்பாலும் மின்கம்பியும்: சப்பிரகமுவத் தோட்டங்களின் வரலாற்றில் ஒரு பக்கம்

சப்பிரகமுவ மாகாணம் என்றதும் இரத்தினபுரியின் மணிக்கற்களும் சிவனொளிபாத மலையும் கற்றோர் நெஞ்சில் முதற்கண் தோன்றுதல் இயல்பு. வரலாறு எழுதப் புகுந்தோரும் பெரும்பாலும் அவ்விரண்டனையே பற்றி நின்றனர். தோட்டங்களைக் குறிக்க நேர்ந்தவிடத்துத் தேயிலையை விரித்துப் பேசி, இறப்பரை மோட்டார் வண்டியின் சில்லோடு சேர்த்து இரண்டொரு வரியில் முடித்துக்கொண்டனர். விளைந்த இறப்பரிற் பெரும்பங்கு சில்லுக்கே சென்றது என்பது உண்மையே. ஆயினும் மின்சாரத்தின் வரலாற்றிலும் இம்மரப்பாலுக்கு ஓரிடம் உண்டு; அது பலராலும் நோக்கப்படாத இடம்.

செம்புக் கம்பி மின்னைக் கடத்தும். ஆனால் அதனைச் சுவரின் மூலைகளிலும் பொறிகளின் இடுக்குகளிலும் மடக்கிக் கொண்டுசெல்ல வேண்டுமாயின் அதன்மேல் ஓர் உறை வேண்டும். அவ்வுறை முறியாது வளைதல் வேண்டும். வளைத்த வடிவில் நிற்றல் வேண்டும். மின்னைக் கசியவிடாமலும் இருத்தல் வேண்டும். இம்மூன்று குணங்களையும் ஒருங்கே தேடிய பொறியியலார்க்கு ஏறத்தாழ நூறாண்டுக் காலம் மரங்களின் பாலே கைகொடுத்தது. அப்பாலை வேண்டிய வடிவில் அமைத்தற்கு அவர்கள் கொண்ட துணைகள் இரண்டு. ஒன்று வெப்பம், மற்றது அச்சு. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்களும் அங்கு உழைத்த மக்களும் அவ்வரலாற்றில் எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதலில் வந்தது இறப்பர் அன்று. மலாயாக் காடுகளில் வளரும் ஒருவகை மரத்தின் பாலை அந்நாட்டு மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அது உறைந்தால் தோல்போலக் கடினமாகும். வெந்நீரில் இட்டால் மெழுகுபோல் இளகும். இளகிய நிலையில் எவ்வுருவில் அமைப்பினும் ஆறியபின் அவ்வுருவிலேயே நிற்கும். வெட்டுக்கத்திக்குக் கைப்பிடியும் குதிரைச் சவுக்கும் அவர்கள் அதனாற் செய்தனர். கட்டாபெர்ச்சா எனப் பெயர்பெற்ற இப்பொருளின் மாதிரிகளை மருத்துவர் வில்லியம் மொன்ற்கொமரி 1843ஆம் ஆண்டில் இலண்டனுக்கு அனுப்பினார். 1847இல் யேர்மனியில் வேர்ணர் சீமென்ஸ், சூட்டினால் இளக்கிய கட்டாபெர்ச்சாவை இணைப்புத் தெரியாதவாறு செம்புக் கம்பியின்மேல் அழுத்திப் போர்த்தும் பொறியொன்றனை அமைத்தார். அடுத்த ஆண்டில் மைக்கல் பரடே அதன் காவலித் திறனை அறிவியலார்க்கு எடுத்துரைத்தார். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடித் தந்தி ஓடியது. 1858இல் மன்னார்க் கடலினூடே இலங்கையும் இந்தியாவும் தந்தியால் இணைந்தன. 1866இல் அத்திலாந்திக் சமுத்திரத்தினூடே நிலையான தொடர்பு ஏற்பட்டது.

இக்கம்பிகளை ஒன்றோடொன்று பொருத்திய தொழிலாளர், செம்பை ஒட்டியபின், சாராய விளக்கின் சுடரிற் கட்டாபெர்ச்சாவை இளக்கி, ஈரவிரலால் இழுத்து மூடி, ஆறும்வரை வடிவு குலையாமற் காத்தனர். அங்கு விரலே அச்சு. பிற்காலத்தில் எத்தனையோ பொறிகள் செய்த வேலையின் முதல்வடிவம் இதுவே எனலாம்.

ஆனால் கட்டாபெர்ச்சாவுக்கு ஒரு குறை இருந்தது. வெப்பம் அமைத்த வடிவை வெப்பமே கெடுத்தது. வெயில் மிக்க நாடுகளிற் கம்பிச் சுருள்கள் கரையிற் கிடந்தபோது உறை இளகும். உள்ளிருக்கும் செம்பு மெல்ல ஒருபக்கமாகச் சரியும். ஒருபுறம் உறை தடித்தும் மறுபுறம் மெலிந்தும் போகும். மெலிந்த இடத்தில் மின் கசியும். குளிர்ந்த கடலடியில் அது நெடுங்காலம் நின்றதற்கும், நிலத்தின்மேல் வேறொரு பொருள் தேடப்பட்டதற்கும் இதுவே காரணம். இன்னொரு கேடும் இருந்தது. பால் எடுப்பதற்காக மரத்தையே வீழ்த்தினர்; ஒரு மரத்திலிருந்து கிடைத்ததோ மிகச் சிறிதளவு. நூறாயிரக்கணக்கான மரங்கள் கடலடித் தந்திக்காக வீழ்ந்தன. அம்மரத்தின் இனத்தைச் சேர்ந்த சில மரங்கள் சப்பிரகமுவவின் தென்னெல்லையிலுள்ள சிங்கராஜ வனத்திலும் வளர்கின்றன. ஆயின் தந்திக்கம்பிக்கு உகந்த பாலை அவை தந்தில. அதனாலேயே அவை தப்பின போலும்.

இறப்பரின் கதை வேறு. இயல்பான இறப்பர் குளிரில் விறைக்கும், சூட்டில் ஒட்டும். அமெரிக்கரான சாள்ஸ் குட்யியரும் ஆங்கிலேயரான தோமஸ் ஹான்கொக்கும் அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றியபோது அதன் தன்மை மாறிற்று. இருவரும் 1844ஆம் ஆண்டையொட்டி உரிமைப் பத்திரம் பெற்றனர். இவ்வாறு பதம்பெற்ற இறப்பர் மீண்டும் சூடேற்றினும் இளகாது. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய வடிவுக்கே திரும்பும். எந்த அச்சில் அது முதன்முறை வெந்ததோ அந்த அச்சின் வடிவமே அதன் நிலையான வடிவம் ஆகும். கட்டாபெர்ச்சாவை எத்தனை முறையும் உருமாற்றலாம். கந்தகமூட்டிய இறப்பருக்கு வாய்ப்பு ஒருமுறையே. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாதார்க்கு மின்கம்பியின் வரலாறு விளங்காது. பிற்காலத்து வேதியியலார் பிளாத்திக்குகளை வெப்பத்தால் இளகுவன, வெப்பத்தால் இறுகுவன என இரு வகுப்பாகப் பிரித்தபோது, இவ்விரு மரப்பால்களும் முன்னரே காட்டிய பிரிவினையையே அவர்கள் பின்பற்றினர்.

கந்தகம் புதியதொரு தொல்லையையும் தந்தது. அது செம்போடு கூடிக் கம்பியைக் கறுக்கச் செய்து அரித்தது, உறையும் கெட்டது. எனவே இறப்பர் உறையிட வேண்டிய செம்புக் கம்பிக்கு முதலில் வெள்ளீயம் பூசும் வழக்கம் உண்டாயிற்று. பழைய வீடுகளிலிருந்து கழற்றிய மின்கம்பியைச் சுரண்டினால் வெள்ளிபோல ஒளிர்வது இதனாலேதான். அதனை வெள்ளி என்றே நம்பிச் சேர்த்துவைத்தோரும் உளர்.

கந்தகத்தை நூற்றுக்கு 30 பங்குவரை கூட்டி நெடுநேரம் வேகவைத்தால் இறப்பர் கருங்காலிபோலக் கறுத்து இறுகும். எபனைற்று என வழங்கிய இப்பொருள் 1851ஆம் ஆண்டுமுதல் அறியப்பட்டது. மின்கலங்களின் பெட்டியும், தொலைபேசியின் செவிக்குமிழும், ஆதி வானொலிப் பெட்டிகளின் முகப்புப் பலகையும் எபனைற்றாலே அமைந்தன. கொழும்பில் 1925 திசெம்பரில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியபோது அதனைக் கேட்கப் பலர் வீட்டிலேயே கருவி அமைத்தனர். அவர்களுக்கு எபனைற்றுப் பலகை நன்கு அறிமுகமான பொருள். அதனிடம் ஒரு வியத்தகு குணம் இருந்தது. முற்றும் இளகாதாயினும், கொதிநீரளவு சூட்டில் அது சற்றுத் துவளும். அந்நிலையில் மரத்தாற் செய்த அச்சின்மேல் வைத்து மெல்ல வளைத்து, இறுகப் பிணித்து, ஆறிய பின்னரே அவிழ்ப்பர். அவசரப்பட்டு அவிழ்த்தால் அது பழைய வடிவை நோக்கி மீளும்.

தொலைபேசி நிலையங்களில் இதற்கு இணையான வேறொரு தொழில்முறை நிகழ்ந்தது. நூற்றுக்கணக்கான கம்பிகளை ஒரே கட்டாக்கி உரிய இடங்களிற் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கெனப் பலகையொன்றில் வரைபடம் எழுதி, திரும்பும் இடமெல்லாம் ஆணி அறைவர். கம்பிகளை ஆணிகளைச் சுற்றி வளைத்து இட்டு, மெழுகூட்டிய நூலாற் பின்னிக் கட்டுவர். ஆணியிலிருந்து தூக்கியபோது கட்டு முழுவதும் பலகையிற் கண்ட வடிவிலேயே நிற்கும். 1930களின் இறுதியில் அமெரிக்காவில் தொலைபேசிக் கைப்பிடிக்குச் சுருட்கம்பி வந்தது. இறப்பர் உறையிட்ட கம்பியை ஓர் உருளையின்மேல் நெருங்கச் சுற்றி அப்படியே வேகவைத்தால், சுருள் வடிவு நிலைக்கும். இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும். முன்னர் இறுகும் பொருளுக்குரிய தீமையாகக் கருதப்பட்ட குணம் இங்கே பயனாயிற்று.

இத்தனைக்கும் வேண்டிய இறப்பர் முதலில் தென் அமெரிக்காவின் காட்டுமரங்களிலிருந்தே வந்தது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் அமேசன் பகுதியிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை இலண்டனையடுத்த கியூ பூங்காவிற் சேர்த்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் 1,900க்கு மேற்பட்ட நாற்றுக்கள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு வந்தன. கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. ஆசியாவின் தோட்ட இறப்பருக்கு அச்சிறு தோட்டமே தாய்வீடு. ஆயினும் கால்நூற்றாண்டு வரை தோட்ட முதலாளிமார் தேயிலையையே பெரிதாகக் கொண்டனர். இறப்பரை விளையாட்டாகவே எண்ணினர்.

நிலைமை 1905ஆம் ஆண்டையொட்டி மாறிற்று. களனிப் பள்ளத்தாக்கின் தாழ்நிலத் தேயிலைத் தோட்டங்களில் இறப்பர் ஊடுபயிராக நுழைந்து, பின் தேயிலையையே ஒதுக்கியது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவான்வெல்லை, எகலியகொடை, காவத்தை முதலிய பகுதிகளில் மலைச்சரிவுகள் இறப்பர் வனமாயின. அவிசாவளை வரை 1902இலும் இரத்தினபுரி வரை 1912இலும் சென்ற சிறுபாதைப் புகைவண்டி அத்தோட்டங்களைக் கொழும்புத் துறைமுகத்தோடு இணைத்தது. 1910இல் இலண்டன் சந்தையில் இறாத்தல் ஒன்றின் விலை 12 சிலிங்கையும் கடந்தது. மரம் நடாதவர் மதியற்றவர் என்று கருதப்பட்ட காலம் அது.

பால் வெட்டும் தொழிலுக்குத் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் கங்காணிமார் வழியாக வந்தனர். அயற்கிராமச் சிங்களத் தொழிலாளரும் இறப்பர்த் தோட்டங்களில் தேயிலைத் தோட்டங்களைவிடக் கூடுதலாக வேலை செய்தனர். விடியுமுன் பிரட்டுக்களத்திற் கூடி, வெயில் ஏறுமுன் மரம் வெட்டி முடித்தல் வேண்டும். வெயில் ஏறினால் பால் விரைவில் நின்றுவிடும். பட்டையை மெல்லிய சீவலாகச் சாய்வாக வெட்டுதல் கைப்பழக்கத்தால் வரும் கலை. ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் கூடினால் மரம் காயப்பட்டு அவ்விடத்துப் பட்டை ஒழுங்காக வளராது. ஆண்டு மழை 3,500 மில்லிமீற்றரைக் கடக்கும் இரத்தினபுரியில், காலை மழை கூலியைக் கெடுத்தது. நனைந்த பட்டையில் ஓடும் பால் சிரட்டையில் விழாது சிதறும் ஆதலால் அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் பெயரும் இல்லை, அல்லது அரைப்பேர்.

சேர்த்த பாலை வடித்து, நீர் கலந்து, அமிலம் சிறிதளவு விட்டுத் தட்டங்களில் உறையவைப்பர். மறுநாள் உறைந்த கட்டியை உருளைகளினூடே செலுத்தித் தாளாக்கி, நன்கு கழுவி, புகைவீட்டில் மூங்கிற் கழிகளில் தொங்கவிடுவர். நான்கைந்து நாட் புகையில் வெண்டாள் தேன்நிறம் பெறும். இங்கே கழுவுதல் என்னும் செயலைச் சற்று நின்று நோக்குதல் தகும். பாலில் இறப்பரோடு புரதமும் உப்பும் சர்க்கரையும் கலந்துள்ளன. அவை தாளில் எஞ்சினால் ஈரத்தை ஈர்க்கும். வண்டிச் சில்லுக்கு அதனாற் பெருங்கேடில்லை. மின்கம்பியின் உறைக்கோ அதுவே முதற்பகை. ஈரம் ஏறிய காவலி காவலியாகாது. ஆகவே கம்பி செய்வோர் தூய தாளையே வேண்டினர். தோட்டத்து உருளைப்பொறியின் அருகே குளிர்நீரில் நின்று தாள் கழுவிய பெண்ணின் கவனம், அத்தாள் கம்பிக்குச் சென்றவிடத்து, எங்கோ ஒரு நகரத்துச் சுவரினுள் ஓடிய கம்பி கசியாதிருந்ததற்கு ஒரு காரணம். அக்கவனத்துக்கெனத் தனி ஊதியம் கணக்கேட்டில் எழுதப்படவில்லை.

விலை ஏறியதுபோல வீழவும் செய்தது. 1922இலும் 1934இலும் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் திட்டங்கள் வந்தன. பின்னர் 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியர் கையில் வீழ்ந்தது. மலாயாவும் அதனையடுத்து டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் போய்விட, நேச நாடுகளுக்கு எஞ்சிய பெரிய இயற்கை இறப்பர் நிலம் இலங்கை ஒன்றே ஆயிற்று. போர்க்களத் தொலைபேசிக் கம்பிக்கும் கப்பற்கம்பிக்கும் விமானச் சில்லுக்கும் அதுவே வேண்டியிருந்தது. மரத்தின் எதிர்காலத்தை நோக்காது எல்லாப் பக்கமும் வெட்டும்படி தோட்டங்களுக்குப் பணிக்கப்பட்டது. தோட்டத்தார் இதனைக் கொலைவெட்டு என்றே கூறத்தக்கதாயிருந்தது. ஆங்கிலப் பெயரின் பொருளும் அதுவே. மலாயாவின் கட்டாபெர்ச்சா மரங்களுக்கு நேர்ந்தது சற்று வேறு முறையில் கேகாலை மலைகளிலும் நேர்ந்தது. போர் முடிந்தபோது பல தோட்டங்களில் வயதும் வலியும் இழந்த மரங்களே நின்றன. 1952 திசெம்பரிற் சீனத்தோடு செய்த இறப்பர்–அரிசி ஒப்பந்தம் ஆண்டொன்றுக்கு 50,000 தொன் இறப்பருக்குச் சந்தை தந்து அத்தொழிலைத் தாங்கியது.

அதற்குள் மின்கம்பி உலகம் மரத்தை விட்டு விலகத் தொடங்கிவிட்டது. 1926இல் அமெரிக்கரான வால்டோ சீமன் பொலிவைனைல் குளோரைட்டை நெகிழச் செய்யும் வழியைக் கண்டிருந்தார். 1933இல் ஆங்கில வேதியியலார் பொலிதீனைக் கண்டனர். போரின்போது ரேடார்க் கருவிகளின் கம்பிக்கு அது உறையாயிற்று. இறப்பர்ப் பஞ்சமே இப்புதுப் பொருள்களின் வளர்ச்சியை விரைவுபடுத்தியது. 1956இல் அத்திலாந்திக்கினூடே இட்ட முதலாவது தொலைபேசிக் கம்பிக்குப் பொலிதீனே காவலி. இவையிரண்டும் கட்டாபெர்ச்சாவின் வழிவந்தவைபோலச் சூட்டில் இளகிக் குளிரில் நிற்பன.

இக்காலத்து நுண்மின் கருவிகளுள் மடங்கிக் கிடக்கும் மென்சுற்றுக்களிலும் அப்பழைய தொழிலே தொடர்கின்றது. பொலியிமைட்டு எனும் மெல்லேட்டின்மேல் செம்புத் தகட்டை ஒட்டி, வேண்டாத செம்பை அமிலத்தால் அரித்து நீக்கினால், ஏடு போன்ற மின்சுற்று எஞ்சும். அதனை வேண்டிய வளைவில் நிறுத்த, முதலில் மிதமான சூட்டில் ஈரத்தைப் போக்குவர். பின்னர் உலோகச் சட்டத்தில் இறுக்கி, சூடேற்றி, சட்டத்திலிருந்து எடாமலே ஆறவிடுவர். பொலியிமைட்டுச் சூட்டில் உருகுவதன்று. ஆதலின் வடிவைத் தாங்குவன செம்பும் இடையிலுள்ள பசையுமே. விட்டவுடன் சிறிது மீளும் ஆகையால் வேண்டியதற்குச் சற்று மிகுதியாகவே வளைப்பர். கூரிய மடிப்புக் கேடு விளைக்கும். வளைவின் புறத்தே செம்பு இழுபடும், அகத்தே நெருக்குண்ணும். எனவே வளைவின் ஆரம் ஏட்டின் தடிப்பைப்போலப் பல மடங்கு இருத்தல் வேண்டும். உருட்டிப் பின் சூட்டினால் துவளவைத்த செம்பு இதற்கு ஏற்றது. எபனைற்றை மர அச்சிற் பிணித்துப் பொறுமையோடு காத்திருந்த பழைய தொழிலாளன் இன்று இத்தொழிற்கூடத்துட் புகுந்தால், பொருளின் பெயரை அறியானாயினும் செய்முறையை உடனே அறிந்துகொள்வான்.

பாலைத் தந்த மக்களின் கதையோ வேறு திசையிற் சென்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபரிற் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாத்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பத்தாண்டுகளுக்குப் பின்னரே முடிவாயிற்று. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசுடைமையாயின. 1977இலும் 1981இலும் சப்பிரகமுவத் தோட்டத் தமிழர் தாக்குதலுக்கு ஆளாகினர். தலைமுறைகளாகப் பால் வெட்டிய பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தன. நாடற்றவராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.

மின்சாரத்தைப் பொறுத்தவரையிலும் அவர்கள் கடைசியிலேயே நின்றனர். களனி கங்கையின் தலைநீரிலிருந்து மின் பெறலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா 1918இலேயே ஆய்ந்து உரைத்திருந்தார். இலக்சபானை மின்னிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. அம்மின் மேற்கே கொழும்புக்குச் சென்றது. துரைமார் பங்களாவிலும் தொழிற்சாலையிலும் விளக்கெரிந்தது. லயங்களிற் பன்னெடுங்காலம் மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கே நின்றது. பின்னாளில் லயக் காம்பராக்களுக்கு மின்விளக்கு ஒவ்வொன்றாய் வந்தபோது, சுவரில் ஓடிய கம்பியின் உறை பொலிவைனைல் குளோரைட்டாய் இருந்தது.

இறப்பர் மின்தொழிலை முற்றும் விட்டு நீங்கிற்று என்றல் பொருந்தாது. உயர் அழுத்தக் கம்பிகளிற் கைவைக்கும் பணியாளர் அணியும் காவலிக் கையுறைகளுக்கு இயற்கை இறப்பர் இன்றும் பயன்படுகின்றது. அவை கைவடிவமான அச்சுக்களைப் பாலில் மீண்டும் மீண்டும் தோய்த்து எடுத்து, அச்சோடு சேர்த்தே சூட்டறையில் வேகவைத்துச் செய்யப்படுவன. வெந்து ஆறியபின் கையுறையை அச்சிலிருந்து உரித்தெடுத்து, காற்று ஊதியும் மின்னழுத்தம் செலுத்தியும் சோதிப்பர். பாலில் நுண்ணிய தூசொன்று தங்கியிருந்தாலும், புரதம் கழுவப்படாது எஞ்சியிருந்தாலும் சோதனையில் அது வெளிப்படும், அக்கையுறை விலக்கப்படும்.